பாம்பு வைத்த சீர்

முழங்கால் வலிக்காக ஆர்.எஸ்.புரத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் போயிருந்தேன். என் டோக்கன் முப்பத்தாறு. உள்ளே போயிருந்தது பதினொன்று. மற்றவர்கள் சுவரில் இருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இந்த மாதிரி இடங்களில் டிவி பார்ப்பதில்லை, ஆட்களைத்தான் பார்ப்பேன். நடுவில் விளம்பரம் வராது.

டோக்கன் முப்பதைத் தாண்டியபோது எதிர் பெஞ்சில் இரண்டு காலேஜ் பெண்கள். ஒருத்திக்குக் காலில் மாவுக்கட்டு. இருவருக்கும் நடுவில் ஒரு பையைப் படுக்கப் போட்டு, அதன் மேல் அட்டைகளை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். சீட்டுக்கட்டு இல்லை. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படம், மூலையில் எண். சில அட்டைகள் லைட் வெளிச்சத்தில் ஜிகினா மாதிரி மின்னின. மாவுக்கட்டுக்காரி அப்படி மின்னுகிற ஒன்றை எடுத்து வைத்ததும், மற்றவள் தன் கையில் இருந்ததை எல்லாம் பை மேல் போட்டுவிட்டாள்.

“போடி. இது ஒண்ணு உங்கிட்ட இருந்தா நான் எதுக்கு ஆடறது? நெம்ப ஓவர் பவர்டி இது.”

“நான் என்னடி பண்ண? பாக்கெட்டுல வந்துச்சு.”

“வந்தா? வந்தா உடனே எறக்கிருவியா?”

அவள் போட்ட வேகத்தில் ஓர் அட்டை நழுவி என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. குனிய முடியாமல் குனிந்து எடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால், என்னை அறியாமல், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். நரைத்த தலைக்காரி ஒருத்தி அட்டையை மோந்து பார்ப்பதைக் கண்டு அந்தப் பெண் என்ன நினைத்தாளோ. நினைத்தால் நினைக்கட்டும். மை வாசனை, வார்னிஷ் வாசனை, அதற்கு அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் போல ஒன்று. எனக்கு எட்டு வருஷம் சோறு போட்ட வாசனை அது.

ஒப்பணக்காரத் தெருவுக்குப் பின்னால், எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில் அந்த அச்சகம் இருந்தது. எனக்கு அங்கே மேஜை வேலை. அச்சாகி, வெட்டாகி வருவதை அடுக்குவது, மடிப்பது, ஒட்டுவது, கட்டுவது. மதுக்கரையிலிருந்து உக்கடம் பஸ்ஸில் வருவேன். எங்கள் ஊரில் அப்போது கொடியில் காய்ந்த சேலையை இரண்டு உதறு உதறினால்தான் அதன் நிறம் தெரியும், அவ்வளவு சிமெண்ட் ஆலைத் தூசு. அச்சகத்திலோ சேலையில் மை ஒட்டும். “சாம்பலாப் போறே, பஞ்சவர்ணக் கிளியாட்ட வாறே” என்பார் என் வீட்டுக்காரர். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அது, அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

அந்த வேலையில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நான் பிறந்தது அடுத்தவர் காட்டில் களை எடுத்த வீட்டில். காலையில் காட்டுக்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் இல்லை. என் அம்மாவுக்குச் சோறு வடிக்கும்போதும் காது வாசலில்தான் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் சோமனூரில் தறிக்குடோனில் தார்க்குச்சியில் நூல் சுற்றப் போனேன். அங்கேயும் நூல் வந்தால் கூப்பிடுவார்கள், கரண்ட் வந்தால் கூப்பிடுவார்கள். யாரும் கூப்பிடாமல் நானாகவே எழுந்து, குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு போன முதல் வேலை இந்த அச்சகம்தான். ஒன்பது மணிக்கு அங்கே எனக்கென்று ஒரு ஸ்டூல் காலியாக இருக்கும். வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். ஒரு கால் குட்டையான ஸ்டூல். ஆனாலும் என்னுடையது.

அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. ஆடி மாதம். கல்யாணப் பத்திரிகையை நம்பிய அச்சகம். ஆடியில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? ஆனி முடியப்போகிற சமயத்தில் முதலாளி பிடரியைச் சொறிந்துகொண்டு மேஜைக்கு வருவார். “ஆவணி முகூர்த்தத்துக்கு வேலை வந்ததும் கூப்பிடறேனுங்க அக்கா” என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். ஆனால் அந்தக் ‘கூப்பிடறேன்’ என்னை மறுபடி அம்மாவின் வாசலில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். ஒரு மாதம் முழுக்க வீட்டில் பாத்திரம் விளக்குகிற சத்தத்துக்கு நடுவிலும் யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவருக்கும் ஆடி பிடிக்காது, பாவம். நின்ற மெஷினைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் ஒரு தை மாதம் யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். பிள்ளைகள் விளையாடுகிற பட அட்டை. அதற்கு ஆடி ஆவணி கிடையாது பாருங்கள்.

படம் போட்டவர் ராஜேந்திரன். கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்து அச்சகத்துக்கு வந்தவர். படமும் அவர், எழுத்தும் அவர். பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மார்க் வாங்கியதை வாரத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் காதில் போடுவார். நாற்பது விலங்கு வரைந்தார். ஒவ்வொன்றின் மூலையிலும் அதன் பலத்துக்கு ஓர் எண். அணில் இரண்டு, முயல் ஐந்து, நரி முப்பது, கரடி அறுபது, புலி எண்பது, யானை தொண்ணூறு. நரி மட்டும் அவருடைய மாமனார் ஜாடையில் இருந்தது என்று மெஷின்காரர் சொல்வார். ஆட்டம் சுலபம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஆளுக்கோர் அட்டை போட வேண்டும், பெரிய எண் போட்டவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். அட்டை தீர்ந்தவர் தோற்றார். ஐந்து அட்டை ஒரு பாக்கெட். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

நாற்பதாவது அட்டை ராஜநாகம். மஞ்சள் வட்டத்துக்குள் படம் விரித்து நிற்கும். அதற்கு எண் கிடையாது. எண் இருக்க வேண்டிய மூலையில் சிவப்பு எழுத்தில் ஒரு சொல். பாம்பு எதையும் ஜெயிக்கும், யானையையும் ஜெயிக்கும் என்று ராஜேந்திரன் சொன்னார். நூறு பாக்கெட்டுக்கு ஒரு பாம்புக்கு மேல் போடக் கூடாது என்று முதலாளி சொன்னார். “கெடைக்காதுன்னாத்தானுங்க அக்கா வாங்குவாங்க” என்றார். நூற்றில் எந்தப் பாக்கெட்டில் பாம்பைப் போடுவது என்பது என் கையில். அந்த மாதங்களில் கோயமுத்தூர் ஜில்லாவின் அதிர்ஷ்டம் எல்லாம் என் விரலில் இருந்தது என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

வெட்டும்போது கோணலாகப் போன அட்டைகள் ஒரு கூடை சேர்ந்துவிட்டன. மத்தியானம் சோறு உண்டபின் நானும் ஜமீலாவும் அந்தக் கூடையை நடுவில் வைத்து ஆட ஆரம்பித்தோம். ஜமீலா என் எதிர் ஸ்டூல். கோட்டைமேட்டுக்காரி. என்னைவிட இரண்டு வயது சின்னவள், வாய் மட்டும் பத்து வயது மூத்தது. முதல் நாளே என் பங்கில் ஒரு பாம்பு வந்தது. படத்தில் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு, காதறுந்த பூனை மாதிரி இருந்தது. அதை இறக்கி அவளுடைய யானையை எடுத்துக்கொண்டேன்.

“இருங்கக்கா, இருங்க. நெம்பர் போடற எடத்துல என்னமோ எழுதியிருக்குதே. என்னதுங்க?” என்றாள்.

மேஜையில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மூன்றாம் வகுப்பு வரை போனேன், மூன்றாம் வகுப்பில் பாதி நாள் களைக்குப் போனேன். ஆனாலும் பத்திரிகைகளில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர் எல்லாம் கூட்டிப் படித்து ஜமீலாவுக்குச் சொல்வது என் வழக்கம். அந்த மிடுக்கோடு அட்டையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.

“சீ… ரு. சீரு.”

“சீருங்களா? தட்டுல வெக்கற சீரா? ஆரு ஆருக்கு வெக்கறது?”

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்கிற வாய் எனக்கு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

“ஜெயிச்சவங்க தோத்தவங்களுக்கு வெக்கணும். பாம்பை எறக்கி ஒருத்தரோட அட்டையை எடுத்தா, பொறந்தவன் பொறந்தவளுக்கு வெக்கறாப்பல அவங்களுக்குச் சீரு வெக்கணும்.”

“எத்தனை?”

“மூணு அட்டை.”

“எந்த மூணு?”

“அதை வாங்கறவங்க பாத்து எடுக்கணும். குடுக்கறவங்க எடுத்தா கறுத்த பழமாப் பாத்துத்தான் தட்டுல வெப்பாங்க.”

ஜமீலா என் கையிலிருந்த அட்டைகளை விரித்து, நிதானமாக, ஒரு புலி, ஒரு கரடி, ஒரு காட்டெருமையை உருவிக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் சட்டம் போட்டவளே நான்தானே.

மூன்று என்று ஏன் சொன்னேன் என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். என் பெரிய மகள் வயசுக்கு வந்தபோது என் தம்பி கொண்டு வந்தது மூன்றே தட்டு. ஒன்றில் சேலை, ஒன்றில் வாழைப்பழம், ஒன்றில் வெற்றிலை பாக்கு. பதினொன்று, இருபத்தொன்று என்று தட்டு வருகிற ஊர் இது. வந்திருந்த ஒறம்பரை சொந்தங்களில் ஒரு அம்மாள், “பின்னால வண்டியில இன்னும் வருதுங்களா?” என்று கேட்டாள். என் தம்பி அலட்டிக்கொள்ளவில்லை. “இல்லீங்க, இவ்வளவுதானுங்க. ஆனா ஒத்தைப்படைதானுங்களே” என்றான். அவன் அன்றைக்குத் தலை நிமிர்ந்து நடந்து வந்த நடையை நான் வேறு எந்தச் சீரிலும் பார்த்ததில்லை. எனக்குச் சீர் என்றால் மூன்றுதான்.

இந்தச் சட்டத்தோடு நாங்கள் ஆடிப் பார்த்தால், ஆட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. பாம்பு வைத்திருப்பவளுக்குப் பயம் வந்துவிட்டது. முயலின் மேல் பாம்பை இறக்கினால் கையிலிருந்து புலியும் கரடியும் சீராகப் போய்விடும். அதனால் எதிராளி யானையைப் போடுகிற நேரத்துக்காக, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எதிராளியோ யானையை ஒளித்து வைத்துக்கொண்டு அணிலாகப் போட்டுக்கொண்டிருப்பாள். “பாம்புக்கு இன்னிக்கு வெரதமுங்களா அக்கா?” என்று ஜமீலா சீண்டுவாள். கையில் மூன்று அட்டை இல்லாதவர் பாம்பைத் தொடவே கூடாது என்று ஒரு கிளைச் சட்டத்தை அவள் சேர்த்தாள். “சீரு வெக்க வக்கில்லாத ஊட்டுக்குப் பாம்பு எதுக்குங்க?” ஒரு நாள் நான் ஜெயிப்பேன், மறுநாள் அவள் ஜெயிப்பாள். மத்தியானச் சோற்றை அவசர அவசரமாக உண்ணத் தொடங்கினோம்.

அட்டைகள் மாசியில் கடைகளுக்குப் போயின. நன்றாகத்தான் ஓடின. மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த வருஷம் ஆடியிலும் என் ஸ்டூல் எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வீட்டில் மட்டுமா, பஸ்ஸில் தினமும் பக்கத்தில் உட்காருகிற பூக்காரம்மாவிடமும் சொல்லியாயிற்று.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், சோமனூரிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். இரண்டு பண்டல் அட்டையைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார். நான் ஒட்டிய பசை கூடப் பிரியாமல் இருந்தது.

“ஏனுங்க, என்ன ஆச்சுங்க?” என்று முதலாளி ஓடி வந்தார்.

“நம்மூர்ப் பள்ளிக்கூடத்துல ஒருத்தன் கைல ரெண்டு பாம்பு சேர்ந்துருச்சுங்க. எல்லாரோட அட்டையும் இப்ப அவன் டவுசர் பாக்கெட்டுல. மத்தவங்க கைய வீசிட்டுப் போறாங்க. அவனுக்கும் ஆட ஆளில்லீங்க, அதனால அவனும் வாங்கறதில்லீங்க.”

அடுத்தடுத்த நாளில் வேறு ஊர்களிலிருந்தும் இதே கதை வந்தது. முதலாளி, “அப்ப எல்லார்த்துக்கும் பாம்பு குடுத்துருவோம்” என்று நூற்றுக்குப் பத்துப் பாம்பு போடச் சொன்னார். போட்டோம். பாம்பும் பாம்பும் எதிரெதிரே வந்தால் யாருக்கு என்று பிள்ளைகள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். அதற்குப் பிறகு ராஜேந்திரன் பாம்பை ஜெயிக்கக் கருடன் வரைந்து கொண்டுவந்தார். அருமையான கருடன், மூக்கைத் தொட்டால் குத்தும் போல இருந்தது.

“கருடனை எது ஜெயிக்குமுங்க?” என்று கேட்டேன்.

“அதுக்கு ஒரு வேடன் போட்டுறலாமுங்க அக்கா.”

“வேடனை?”

“ஏனுங்க அக்கா, மொதல்ல கருடன் பறக்கட்டுமுங்க” என்று எரிச்சலோடு போனார்.

கருடன் பறக்கவில்லை. முதலாளி அந்தத் தாளை மெஷினில் ஏற்றவில்லை. ஆனி இருபது தாண்டியது. ஒரு காலையில் அவர் பிடரியைச் சொறிந்துகொண்டு மேஜைக்கு வந்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. “இந்த அட்டையோட கதை இவ்வளவுதானாட்ட இருக்குதுங்க. இருக்கறதைக் கட்டி வெச்சுப்போட்டு, சனிக்கெழமையோட…” என்று இழுத்து, “ஆவணிக்குக் கூப்பிடறேனுங்க” என்றார். நான் சரிங்க என்றேன். பூக்காரம்மாவின் முகம்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

அன்றைக்கு மத்தியானமும் ஆடினோம். ஆடாமல் இருந்தால் அழுதுவிடுவேன் என்று ஜமீலாவுக்குத் தெரியும். என் முகத்தைப் பார்க்காமலே கூடையை இழுத்து நடுவில் வைத்தாள். நாலைந்து கை போனதும் எனக்கே மறந்துவிட்டது. அவள் என்னை ஏமாற்றி, இரண்டு தரம் நரியைப் போட்டு, மூன்றாம் தரம் நான் பொறுக்க மாட்டாமல் பாம்பை இறக்கியபோது, அது வெறும் அணிலின் மேல் விழுந்தது.

“வெய்யுங்க சீரு! தட்டை எடுங்க! மேளக்காரரைக் கூப்புடுங்க!” என்று ஜமீலா கத்தினாள். நான் சிரித்த சிரிப்பில் மோர் புரையேறிவிட்டது.

முதலாளியும் ராஜேந்திரனும் உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மனசு கேட்காமல் அவர்கள் அங்கே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்ததே இந்தப் பாம்பை என்ன செய்வது என்றுதான்.

“என்னுங்க அக்கா சீரு?” என்று கேட்டார் முதலாளி.

நான் விளக்கினேன். அட்டையில் எழுதியிருக்கிற சட்டம்தானே என்று விரலை வைத்துக் காட்டினேன். ராஜேந்திரன் குனிந்து பார்த்தார். அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அக்கா! அது சின்ன ர இல்லீங்க, பெரிய ற! சீறு! பாம்பு உஸ்ஸுன்னு சீறுமில்லீங்க, அந்தச் சீறு! நாலு மாசமா ராஜநாகம் உங்களுக்குத் தாம்பாளம் தூக்கிட்டு வந்துச்சுங்களா?”

மெஷின்காரரும் சிரித்துவிட்டார். நானும் சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் குழாயடிக்குப் போனேன். கழுவின டப்பாவையே மறுபடி கழுவினேன். ஜமீலாவுக்கு இத்தனை வருஷம் நான் படித்துக் காட்டிய மாப்பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பெயர் மாறிப்போயிருக்குமோ என்று தோன்றியது. சனிக்கிழமை வரைக்கும் எதற்கு, இப்படியே உக்கடம் போய் பஸ் ஏறிவிடலாம் என்றும் தோன்றியது.

உள்ளே ஜமீலாவின் குரல் கேட்டது. அவள் மெதுவாகப் பேசினாலே தெருமுனை வரைக்கும் கேட்கும்.

“ஏனுங்க, என்ன சிரிப்பு? படிச்ச நீங்க போட்ட எழுத்துக்குக் கடைக்காரங்க பண்டலைத் திருப்பிக் கொண்டாந்து வெச்சுட்டுப் போறாங்க. அக்கா தப்பாப் படிச்ச எழுத்துக்கு நாங்க நாலு மாசமா ஒரு சண்டை இல்லாம ஆடறோம். எது தப்பு, நீங்களே சொல்லுங்க.”

பிறகு முதலாளி குழாயடிக்கு வந்தார். பிடரியைச் சொறியவில்லை.

“அக்கா, என்னோட ஒரு ஆட்டம் போடறீங்களா?”

ஆடினோம். கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்த மனிதர், மூன்றாவது கையிலேயே என் முயலின் மேல் பாம்பை இறக்கினார். நான் கையை நீட்டி, அவரிடமிருந்து யானை, புலி, கரடி மூன்றையும் எடுத்துக்கொண்டேன். அவர் தன் கையில் மிஞ்சியதைப் பார்த்தார். என் முயலைப் பார்த்தார். “ஒரு மொசலுக்கா இத்தனையும் போச்சு!” என்றார். அடுத்த ஆட்டத்தில் பாம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். டீ வந்து ஆறிப்போனது. ராஜேந்திரன் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, “அண்ணா, வேண்டாமுங்க, இப்ப வேண்டாமுங்க” என்று தன்னை மறந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் முதலாளி சொன்னார்: “ராஜேந்திரா, அந்த எழுத்தை மாத்து.”

“மாத்திறலாமுங்கண்ணா. ஆனா ‘சீர்’னு புள்ளி வெச்சாத்தானுங்க இலக்கணம். ‘சீரு’ன்னு போட்டா சனம் சிரிக்குமுங்க.”

“சிரிக்கட்டும். உன்ற இலக்கணம் மூட்டை மூட்டையாத் திரும்பி வருது. அக்கா எப்படிப் படிச்சாங்களோ, அப்படியே போடு.”

அச்சு பிலிமில் சிவப்பு மையைத் தொட்டு, பெரிய ற-வின் கூடுதல் வளைவை ராஜேந்திரன் அடைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிலிமில் மை பூசின இடம் தாளில் அச்சாகாது. ஒரு பொட்டு அளவு மைதான். அட்டையின் அடியில், ‘பாம்பை இறக்கியவர் மூன்று அட்டை சீர் வைக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்தார். அந்த வரியில் மட்டும் புள்ளி வைத்துக்கொண்டார். போகட்டும் என்று விட்டோம்.

சனிக்கிழமை வந்தது, யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆடி முதல் நாள் நான் என் ஸ்டூலில் உட்கார்ந்து புதுப் பாம்பைப் பாக்கெட்டில் போட்டு ஒட்டினேன். யாரும் கூப்பிடாமல் போனேன் என்பதை எழுதும்போதே முதுகு நிமிர்கிறது. சோமனூர்க் கடைக்காரர் மறுபடி வந்தார், இந்தத் தடவை வெறுங்கையோடு வந்து பண்டலோடு போனார். பழைய பாம்பு செல்லாது, புதுப் பாம்புதான் செல்லும் என்று பிள்ளைகளே முடிவு பண்ணிவிட்டார்களாம். அதனால் ஒவ்வொரு பாம்பையும் கண்ணுக்குக் கிட்டே வைத்து, பெரிய ற-வா சின்ன ர-வா என்று பார்க்கிறார்களாம். “வாத்தியார் அடிச்சும் வராதது இப்ப வந்துருச்சுங்க” என்று சிரித்தார். எனக்கும் அப்போதுதான் வந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ராஜேந்திரன் என்னிடம் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த அட்டையில் எந்தச் சொல் போட்டாலும், முதலில் தாளை என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார். “அக்கா, இதை எப்படிப் படிக்கறீங்க?” நான் தடுக்கினால் மாற்றி எழுதுவார். நான் படித்து முடித்தால்தான் மெஷினில் ஏறும். மூன்றாம் வகுப்புக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் உண்டா?

மூன்று ஆடி அப்படி ஓடியது. பிறகு பிள்ளைகள் கையில் வேறு வேறு வந்தன, கடைசியில் போன் வந்தது. அச்சகம் இருந்த இடத்தில் இப்போது ஒரு நகைக்கடையின் வண்டி நிறுத்துமிடம். அந்தச் சந்தை அகலப்படுத்திவிட்டார்கள், எதிரே ஆள் வந்தால் யாரும் சுவரோடு ஒட்ட வேண்டியதில்லை. என் குட்டைக்கால் ஸ்டூல் எங்கே போனதோ. முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். ஜமீலா மகளோடு திருப்பூரில் இருக்கிறாள். காது மந்தம். போனில் நான் கத்துகிறேன், அவள் அதைவிடப் பெரிதாகக் கத்துகிறாள். வைக்கும்போது, “சீரு பாக்கி இருக்குதுங்கக்கா, மறந்துறாதீங்க” என்பாள். காதறுந்த பாம்பு ஒன்று என் ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது. புது கார்டு மாற்றியபோது அதுவும் எங்கோ போய்விட்டது.

இவ்வளவையும் நினைத்து முடிப்பதற்குள் டோக்கன் முப்பத்தைந்துக்கு வந்துவிட்டது. எதிர் பெஞ்சில் அந்தப் பெண்கள் இன்னும் சமாதானம் ஆகவில்லை. கோபித்துக்கொண்டவள் போட்ட அட்டைகள் பை மேல் அப்படியே கிடந்தன. மாவுக்கட்டுக்காரி மின்னுகிற அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட ஆளில்லாமல் அதை வைத்து என்ன செய்வது என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

“சரிடி, இப்படி வெச்சுக்கலாம்” என்றாள். “நான் இதை எறக்குவேன். எறக்கினா, நீ எங்கைல இருந்து ரெண்டு கார்டு எடுத்துக்கோ.”

“எது வேணும்னாலுமா?”

“எது வேணும்னாலும்.”

கோபித்துக்கொண்டவள் மெல்ல அட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினாள். யாரும் சொல்லித்தராமல், சீர் என்ற சொல்லே இல்லாமல், அந்தப் பெண்கள் தாங்களாகவே அங்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் இரட்டைப்படையில் எங்கேயாவது தட்டு வைப்பார்களா?

“மூணு” என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். “ஏனுங்கம்மா?”

“ஒண்ணுமில்லீங்க கண்ணு. நீங்க ஆடுங்க.”

“முப்பத்தாறு!” என்று நர்ஸ் கூப்பிட்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ‘சீரு’ என்ற அந்தச் சொல் போய்விட்டது, இனி எந்த அட்டையிலும் அதை யாரும் அச்சடிக்கப் போவதில்லை. டாக்டர் அறையின் கதவைத் தள்ளும்போது பின்னால் மாவுக்கட்டுக்காரியின் குரல் கேட்டது.

“அட, சரிடி. மூணாவே எடுத்துக்கோ.”